முன்னோடி மாவட்டத்தில் ஒரு மோட்டார்

தனகோடியின் மோட்டாருக்கு இடர் மதிப்பீடு செய்ய ஆட்கள் வந்தபோது, மாட்டுக்குத் தடுப்பூசி போட வந்திருக்கிறார்கள் என்று நினைத்து அவன் மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். படாளத்திலிருந்து உள்ளே தள்ளியிருக்கிற அந்த ஊருக்கு ஜீப்பில் அதிகாரிகள் வேறு எதற்கும் வந்ததில்லை. வந்தவர்கள் மாட்டைச் சுற்றிக்கொண்டு போய் மோட்டார் கொட்டாய்க்கு முன்னால் நின்றார்கள்.

“இதுதானா அது?” என்றார் அவர்களில் மூத்தவர். லட்சுமணன் என்று பெயர். ‘தானே முடிவெடுக்கும் கருவிகள் கட்டுப்பாட்டு ஆணையம், செங்கல்பட்டு’ என்று அவர் கழுத்தில் தொங்கிய அட்டை சொன்னது.

“இன்னா சார், மோட்டாரு,” என்றான் தனகோடி.

அந்தப் பக்கத்தில் மோட்டார் ஓட மூன்று பேஸ் கரண்ட் வேண்டும். அது எப்போது வரும், எப்போது போகும் என்பது மழையைவிட மர்மம். அதனால் எல்லாக் கொட்டாயிலும் ஓர் ஆட்டோ ஸ்டார்ட்டர் உண்டு. ஸ்டார்ட்டர் பெட்டியில் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று மூன்று விளக்கும் எரிந்தால் கரண்ட் முழுசாக வந்துவிட்டது என்று அர்த்தம். அடுத்த நொடி மோட்டார் தானே ஓடத் தொடங்கும். ஊரே இப்படித்தான் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தது.

“கரண்ட் வந்தா மோட்டாரை யார் போடறது?” என்று கேட்டார் லட்சுமணன்.

“யாரும் போடறதில்ல சார். ஆட்டோல கீது. அதுவே எடுத்துக்கும்.”

“அதுவே.”

“ஆமா சார், அதுவே.”

லட்சுமணன் கூட வந்தவரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு குரலைத் தணித்துத் தனகோடியிடம் கேட்டார். “நேத்து மத்தியானம் கரண்ட் வந்தப்ப நீ எங்கப்பா இருந்த?”

“வூட்ல சாப்ட்டுகினு இருந்தேன்.”

“எழுதிக்கோங்க. மனிதன் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது இயந்திரம் முடிவெடுத்தது.”

அதைக் கேட்டதும் தனகோடிக்கே கொஞ்சம் பயம் வந்துவிட்டது. தன் மோட்டாரை அவன் அப்படி ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

இந்தச் சட்டம் எப்படி அந்தக் கொட்டாய் வரைக்கும் வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். கேட்டால் உங்களுக்கும் வயிறு எரியும். எரியட்டும்.

ஐரோப்பாவின் வடகோடியில் ஒரு குளிர்நாடு. அங்கே வீட்டைச் சூடாக வைத்துக்கொள்ள அரசு உதவி கொடுக்கும். யாருக்குக் கொடுப்பது, யாருக்கு நிறுத்துவது என்பதை ஒரு கணினி பார்த்துக்கொண்டது. ஒரு குளிர்காலத்தில் அது தனியாக இருந்த ஒரு கிழவருக்கு நிறுத்திவிட்டது. ஏன் என்று அது சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. பனி விலகிய பிறகுதான் கிழவர் செத்துப்போனது தெரிந்தது. ஜனங்கள் கொதித்துத் தெருவுக்கு வந்தார்கள். தானே முடிவெடுக்கும் கருவி எதுவானாலும் அதன் பக்கத்தில் ஒரு மனிதன் உட்கார்ந்து பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சட்டம் பிறந்தது. நல்ல சட்டம்தான். நான் அதைக் குறை சொல்ல மாட்டேன்.

பக்கத்து நாடு கிழவரை விட்டுவிட்டுச் சட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டது. அதற்கு அடுத்த நாடு, இவர்கள் இரண்டு பேரும் வைத்திருக்கும்போது நம்மிடம் இல்லையென்றால் நன்றாக இருக்காதே என்று எடுத்துக்கொண்டது. எடுத்தவர்கள் எல்லாரும் தங்கள் பங்குக்கு ஒரு வரி சேர்த்தார்கள். யாரும் ஒரு வரியைக்கூட நீக்கவில்லை. நீக்குவதற்கு முதலில் படித்துப் பார்க்க வேண்டும் அல்லவா? இப்படிக் கைமாறிக் கைமாறி, கடல் தாண்டி, அது மாமல்லபுரத்துக் கடற்கரையில் ஒரு சொகுசு விடுதியில் வந்து இறங்கியது. மாநாடு நடந்தது. கடைசி நாள் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால், நண்டு வறுவல் வாசனை உள்ளே வர ஆரம்பித்த நேரத்தில், கையெழுத்தானது. முதலில் எந்த மாவட்டத்தில் நடைமுறைப்படுத்துவது என்று யாரோ கேட்டார்கள். “இது எந்த மாவட்டம்?” என்று தலைவர் கேட்டார். செங்கல்பட்டு என்றார்கள். செங்கல்பட்டு முன்னோடி மாவட்டம் ஆனது.

ஆணையம் முதலில் நாவலூருக்குத்தான் போனது. யாருக்குக் கடன் தரலாம், யாரை வேலைக்கு எடுக்கலாம், யாரை வீட்டுக்கு அனுப்பலாம் என்பதெல்லாம் அங்கே கண்ணாடிக் கட்டிடங்களுக்குள் கணினிகள் செய்கிற காரியம். ஆனால் ஒவ்வொரு கட்டிடத்துக்கும் ஒரு வக்கீல் இருந்தார். ‘எங்கள் கணினி முடிவெடுப்பதில்லை, ஆலோசனை மட்டுமே சொல்கிறது’ என்று எல்லா வக்கீல்களும் ஒரே வாசகத்தைக் கொடுத்தார்கள். அந்த ஆலோசனையை மீறிய மனிதன் ஒருத்தனாவது உள்ளே இருக்கிறானா என்று ஆணையம் கேட்கவில்லை. நாவலூர் முழுக்கச் சலித்தும் தானே முடிவெடுக்கும் கருவி ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. ஆண்டு இலக்கு அப்படியே நின்றது. ஜீப் தெற்கே திரும்பியது.

இளைத்தவன் தலையில்தானே எல்லாம் விடியும்? லட்சுமணன் ஸ்டார்ட்டர் பெட்டியின் விளக்கையும் பொத்தானையும் விட்டுவிட்டு, ஆட்டோவை மட்டும் கழற்றி முத்திரை வைத்தார். அது திரும்பி வர வேண்டுமானால் என்னென்ன வேண்டும் என்று வாசித்தார். மோட்டாருக்குப் பக்கத்தில் சான்று பெற்ற ஒரு மனிதர் எந்நேரமும் உட்கார்ந்திருக்க வேண்டும். அவர் இருக்கும் அறையில் வெப்பமூட்டும் சாதனம் வேண்டும். கருவிக்குப் போகிற பாதையில் பனி அள்ளும் மண்வெட்டி ஒன்று தயாராக இருக்க வேண்டும்.

தனகோடி மூலையில் சாத்தியிருந்த மம்முட்டியைக் காட்டினான். லட்சுமணன் அதைத் தூக்கிப் பார்த்து, “இது சரியா இருக்கு,” என்று திருப்தியோடு சொன்னார். அந்தச் சட்டத்தில் தனகோடி பாஸான ஒரே இடம் அதுதான்.

சாயங்காலம் அவன் மனைவி ஜோதிலட்சுமி நூறு நாள் வேலையிலிருந்து வந்து, நடந்ததைக் கேட்டாள்.

“மோட்டாருக்குத் துணைக்கு ஆளா? அது இன்னா வயசுக்கு வந்த பொண்ணா?”

“சட்டமாம் ஜோதி.”

“யாரு போட்ட சட்டம்?”

“தெர்ல. எங்கியோ பனி பெய்யற ஊராம்.”

அவள் எழுந்து போய் வாசலில் நின்று வயலைப் பார்த்தாள். நவரைப் பட்டத்துக்குக் கொஞ்சம் பிந்தி நட்ட நெல், கதிர் இன்னும் வெளியே தள்ளாமல் தொண்டைக்கதிரில் நின்றது. சித்திரை வெயில் தீயாக அடித்தது. இந்த நேரத்தில் தண்ணீர் தவறினால் கதிர் என்னவோ வெளியே வரும், உள்ளே அரிசி இருக்காது. அந்த நெல்தான் அவர்களுக்கு வருஷம் முழுக்கச் சோறு. அது அவனுக்கும் தெரியும்.

மறுநாள் தனகோடி கயிற்றுக் கட்டிலைக் கொட்டாய்க்குள் தூக்கிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். மூன்று விளக்கும் எரிந்ததும் எழுந்து பச்சைப் பொத்தானை அமுக்குவான். கரண்ட் போனால் மறுபடி உட்காருவான். வெப்பமூட்டும் சாதனம் என்று ஒரு குமுட்டி அடுப்பையும் மூட்டி வைத்தான். தகரக் கூரைக்குக் கீழே அடுப்போடு உட்கார்ந்து அவன் வெந்துகொண்டிருந்தான், ஆனால் தண்ணீர் பாய்ந்தது. ஆளை வைத்துத்தானே ஓட்டச் சொன்னார்கள், வைத்தாயிற்று, தொல்லை விட்டது என்று நினைத்தான்.

லட்சுமணன் மறுபடி வந்தார். கொட்டாய்க்கு வெளியே நின்று வெகுநேரம் அவனைக் கவனித்தார். பிறகு உள்ளே வந்து மெயினைக் கீழே இழுத்தார். விளக்குகள் அணைந்தன, மோட்டார் நின்றது. தனகோடி கட்டிலில் உட்கார்ந்தான். மெயினை மேலே தள்ளினார். விளக்குகள் எரிந்தன. தனகோடி எழுந்து பச்சைப் பொத்தானை அமுக்கினான். மறுபடி இழுத்தார், உட்கார்ந்தான். மறுபடி தள்ளினார், எழுந்தான்.

“பாத்தீங்களா?” என்றார் லட்சுமணன் கூட வந்தவரிடம். “யோசிக்கவே இல்லை.”

“இன்னா சார் யோசிக்கறது? கரண்ட்டு வந்தா போடறேன்.”

“அதைத்தான்பா பெட்டியும் செஞ்சுது.” லட்சுமணன் தன் கைப்பேசியில் சட்டத்தை எடுத்து வாசித்தார். “‘கருவி என்பது வெளியிலிருந்து ஒரு தகவலைப் பெற்று, அதற்கேற்ப ஒரு முடிவை வெளியிடும் எந்த அமைப்பும் ஆகும்.’ விளக்கு எரியறது தகவல். பொத்தானை அமுக்கறது முடிவு. நடுவுல நீ இருக்க.”

“நான் மனுசன் சார்.”

லட்சுமணன் கெட்டவர் இல்லை. அவர் உண்மையாகவே தேடிப் பார்த்தார். மேலிருந்து கீழாக ஒருமுறை, கீழிருந்து மேலாக ஒருமுறை. “மனிதன்னா யாருன்னு இதுல விளக்கம் இல்லப்பா,” என்றார் வருத்தத்தோடு. “எழுதினவங்களுக்கு அது தேவைப்படல போல. கருவிக்குத்தான் இருக்கு.”

‘உயர் இடர்’ என்று அச்சிட்ட ஒட்டுத்தாளை அவன் சட்டையில் ஒட்டினார்கள். குளிர்நாட்டுப் பசை, வேர்வையில் நிற்கவில்லை. அதனால் ஓர் அட்டையில் ஒட்டி, நாடாவில் கோத்துக் கழுத்தில் மாட்டிவிட்டார்கள். விசாரணை முடியும்வரை தானாக எந்தப் பொத்தானையும் அமுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். தனகோடி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மூன்று விளக்கும் எரிந்துகொண்டிருந்தன. அவன் கை பொத்தான் வரை போய் நின்றது.

விசாரணை செங்கல்பட்டில், ஏரியைப் பார்த்த மாதிரி இருந்த ஒரு வாடகைக் கட்டிடத்தின் மாடியில் நடந்தது. ஆணையர் அமிர்தவல்லி, நிதானமாகப் பேசுகிறவர், குரலை உயர்த்தத் தெரியாதவர். தனகோடி வாயைத் திறந்ததும் அவர் கையை லேசாக உயர்த்தினார்.

“கருவி தன் சார்பில் பேச முடியாதுங்க. உரிமையாளர்தான் பேசணும். இதுக்கு உரிமையாளர் யாரு?”

“இன்னாமா பேசற நீ?” என்று ஜோதிலட்சுமி எழுந்துவிட்டாள். “இந்தாளு என் வூட்டுக்காரரு!”

“நல்லது. உரிமைக்கு ஆதாரம் கிடைச்சாச்சு. உக்காருங்கம்மா.” அமிர்தவல்லி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, அறைக்குப் பொதுவாகப் பேசினார். “இந்தச் சட்டத்தைப் பத்தி நிறைய விமர்சனம் வருது. ஒண்ணு சொல்றேன். இதுல ஒரு வார்த்தைகூட நாங்க எழுதல. அதுதான் எங்க பெருமை. நாமே எழுதியிருந்தா நம்ம ஊரு, நம்ம ஜனம்னு பார்த்து எங்கயாவது இரக்கம் காட்டியிருப்போம். இரக்கம் வந்தா ஒரே மாதிரி இருக்காது. உலகம் பூரா ஒரே மாதிரி இருக்கணும்ங்கறதுதானே நோக்கம்? எதுக்குன்னு கேக்கறாங்க. அது பிறந்த நாட்டுல கேக்க வேண்டிய கேள்வி. அங்கேயே போன வருஷம் ரத்து பண்ணிட்டாங்களேன்னும் சொல்றாங்க. உண்மைதான். அவங்க ரத்து பண்ணினது அவங்க சட்டத்தை. நம்ம சட்டம் நல்லாத்தான் இருக்கு.”

ஜோதிலட்சுமி சுற்றிலும் பார்த்தாள். யாரும் சிரிக்கவில்லை.

“பயிரு காயுதும்மா,” என்றாள், இந்த முறை மெதுவாக.

“அதுக்கு வழி இருக்கு. சான்று பெற்ற மேற்பார்வையாளர் அனுமதி கொடுத்தா இது பொத்தானை அமுக்கலாம். நாவலூர்ல ஒரு நிறுவனம் அந்தச் சேவையைத் தருது. தம்பி, சொல்லுங்க.”

நிதின் என்ற இளைஞன் எழுந்து வந்து, தனகோடியின் கைப்பேசியை வாங்கி அதில் ஒரு செயலியைப் போட்டுக் கொடுத்தான். கரண்ட் வந்ததும் இதைத் தொட வேண்டும், அந்தப் பக்கத்திலிருந்து ‘அனுமதி’ என்று வரும், பிறகு பொத்தானை அமுக்கலாம் என்று விளக்கினான். நல்ல பையன். பொறுமையாகத்தான் சொன்னான்.

“அந்தப் பக்கம் யாரு தம்பி குந்தினு இருக்கறது?” என்று ஜோதிலட்சுமி கேட்டாள்.

“ஆள் யாரும் இல்லக்கா. சிஸ்டம்தான் பாக்கும். இந்த மாவட்டத்துல எத்தன மோட்டார் இருக்கு, அத்தனைக்கும் ஆள் போட முடியுமா?”

“அப்போ அதுக்குப் பக்கத்துல ஒரு ஆளு குந்த வேணாமா?”

“அது முடிவெடுக்காதுக்கா,” என்றான் நிதின். “ஆலோசனை மட்டும்தான் சொல்லும்.”

மிஷினுக்கு மேல் மனிதன் இருக்க வேண்டும் என்று எங்கோ ஒரு கிழவர் விறைத்துச் செத்ததால் பிறந்த சட்டம், இங்கே வந்து சேர்ந்தபோது மனிதனுக்கு மேல் மிஷினை உட்கார வைத்துவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டது. அந்த அறையில் யாருக்கும் அது உறைக்கவில்லை. அடுத்த வழக்கை அழைத்தார்கள். அது திருப்போரூரில் ஒரு தெருவிளக்கு, இருட்டானதும் தானே எரிந்ததாம்.

அதன் பிறகு கொட்டாயில் நடந்தது இதுதான். பெரும்பாலும் ஜோதிலட்சுமி வேலைக்குப் போயிருக்கிற நேரத்தில் மூன்று விளக்கும் எரியும். தனகோடி எழுந்து கைப்பேசியைத் தொடுவான். ‘உங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது’ என்று வரும். அவன் பச்சைப் பொத்தானுக்கு முன்னால் நிற்பான். சில சமயம் அனுமதி உடனே வந்துவிடும். பல சமயம் கரண்ட் போன பிறகு வரும். அப்போதும் அவன் பொத்தானை அமுக்குவான், மோட்டார் அசையாது, செயலி நன்றி சொல்லும்.

முதலில் அவன் திட்டிக்கொண்டே நின்றான். பிறகு திட்டுவதை விட்டான். ஒருநாள் ஜோதிலட்சுமி சோறு போட்டுவிட்டுப் பார்த்தால், தட்டுக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தான்.

“துன்னுய்யா. இன்னாத்த பாத்துகினு கீற?”

அவன் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் குரல் கேட்டதும் திடுக்கிட்டவன் போலக் கையை நனைத்தான். அவள் அவன் கழுத்து அட்டையைக் கழற்றி எறியப் போனாள். அவன் இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டான். வயல் ஓரத்தில் நெல் வெளுக்க ஆரம்பித்திருந்தது. நடுவில் மட்டும் இன்னும் பச்சை இருந்தது, அதற்கு ஒரு பாய்ச்சல் கிடைத்தால் பிழைத்துவிடும்.

அந்தச் சமயத்தில்தான் மாமல்லபுரத்தில் இரண்டாவது மாநாடு கூடியது. முன்னோடி மாவட்டத்தைப் பார்க்க வெளிநாட்டுக்காரர்கள் வந்திருந்தார்கள். அந்தக் குளிர்நாட்டிலிருந்தும் ஒரு குழு வந்தது. அவர்கள் சட்டத்தை ரத்து செய்ததற்குக் காரணம் வேறொன்றும் இல்லை. அங்கே ஜனங்கள் எடுத்ததற்கெல்லாம் ஏன் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள், நடத்த முடியவில்லை. இங்கே நன்றாக நடக்கிறதாமே, எப்படி என்று கற்றுக்கொண்டு போய்த் திரும்பக் கொண்டுவர நினைத்தார்கள். கற்கோயிலைப் பார்த்துவிட்டு, இளநீர் குடித்துவிட்டு, வேனில் படாளத்துக்கு வந்தார்கள்.

கொட்டாயைச் சுற்றிக் கூட்டம். அமிர்தவல்லி விளக்கிச் சொல்ல, நிதின் ஆங்கிலத்தில் மாற்றினான். குழுத் தலைவி, வெயிலில் முகம் சிவந்துபோன உயரமான பெண்மணி, குமுட்டி அடுப்பைப் பார்த்து நெகிழ்ந்துபோனார். பிறகு மம்முட்டியைப் பார்த்தார். “எங்கள் சட்டத்தை இவ்வளவு மதித்து யாரும் நடத்தியதில்லை,” என்றார்.

அப்போது மூன்று விளக்கும் எரிந்தன.

தனகோடி எழுந்தான், கைப்பேசியைத் தொட்டான், நின்றான். எல்லாரும் மூச்சடக்கிப் பார்த்தார்கள். ‘பரிசீலனையில் உள்ளது.’ அவன் கை பொத்தானுக்குப் பக்கத்தில் அந்தரத்தில் இருந்தது. அது கொஞ்சமும் ஆடவில்லை.

“எவ்வளவு நேரம் ஆகும்?” என்று தலைவி கேட்டார்.

“இது கணக்குப் பண்ணாது மேடம்,” என்றார் லட்சுமணன் பெருமையாக. “நிக்கும்.”

வரப்பில் நின்றிருந்த ஜோதிலட்சுமி மடமடவென்று வந்தாள். அதிகாரிகளைத் தோளால் இடித்துக்கொண்டு உள்ளே போய், தனகோடியைக் கட்டில் பக்கம் தள்ளிவிட்டுப் பச்சைப் பொத்தானை அமுக்கினாள். மோட்டார் உறுமியது. குழாய் இரண்டு தடவை இருமி, தண்ணீரைக் கக்கியது. வெடித்துக் கிடந்த கால்வாய்க்குள் அது புகுந்து ஓடியது. வெளிநாட்டுக்காரர்கள் பின்வாங்கினார்கள். லட்சுமணன் பைக்குள் கைவிட்டு ஒட்டுத்தாளைத் தேடினார்.

“எழுதிக்கோ சார்,” என்றாள் ஜோதிலட்சுமி. மூச்சு வாங்கியது. “நெல்லு காய்ஞ்சுது, பொம்பள முடிவெடுத்தா. நல்லா எழுதிக்கோ.”

தண்ணீர் முதல் மடையைத் தொட்டது. தனகோடி கட்டிலைத் தாண்டி ஓர் அடி வைத்தான். மடை திறக்கப் போகிறான் என்று நினைத்து அவள் அவனுக்கு வழிவிட்டாள். அவன் மடைப்பக்கம் போகவில்லை. ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் போய்ச் சிவப்புப் பொத்தானை அமுக்கினான்.

மோட்டார் நின்றது. குழாயில் தண்ணீர் மெலிந்து, சொட்டி, நின்றது. கால்வாயில் வந்தது அப்படியே வெடிப்புக்குள் இறங்கிவிட்டது.

“யாருய்யா உன்ன நிறுத்தச் சொன்னது?” ஜோதிலட்சுமியின் குரல் கிழிந்து வந்தது.

தனகோடி கைப்பேசியைப் பார்த்தான். அது இன்னும் பரிசீலித்துக்கொண்டிருந்தது. லட்சுமணனைப் பார்த்தான். அவர் ஒட்டுத்தாளின் பின்பக்கத்தை உரிக்க முடியாமல் நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார், இவனைக் கவனிக்கவே இல்லை.

“யாரும் சொல்லல ஜோதி,” என்றான்.

தலைவி நிதினின் பக்கம் குனிந்து, அவன் என்ன சொன்னான் என்று கேட்டார். நிதின் சொன்னான். அவர் முகம் மலர்ந்தது. “இந்த இடத்துக்குத்தான் எங்களால் வந்துசேர முடியவில்லை,” என்று சொல்லி அமிர்தவல்லியின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அவர்கள் வேனில் ஏறிப் போனார்கள். ஜோதிலட்சுமியையும் நெருங்க விடாமல் தனகோடி பெட்டியை மறித்துக்கொண்டு நின்றான். அன்றைக்குப் பார்த்துக் கரண்ட் போகவே இல்லை. பொழுது சாயும்வரை மூன்று விளக்கும் எரிந்துகொண்டே இருந்தன.